இதெல்லாம் ஒரு குளிரா?

டிசம்பர் பிறந்ததும் எங்கள் கல்லூரி வாட்ஸப் குழுவில் ஒரு போட்டி ஆரம்பித்துவிடும். யாரும் அறிவிப்பதில்லை, ஆனால் விதிகள் எல்லோருக்கும் தெரியும். கோவையில் இருப்பவன் 18 டிகிரி என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டு, "செம குளிர்டா" என்பான். பெங்களூர்க்காரன் 14 என்பான். நொய்டாவிலிருந்து 6 வரும். அதுவரை பொறுமையாக இருந்த டொரண்டோ நண்பன் மைனஸ் 19 என்ற படத்தைப் போட்டு, கூடவே மூன்றே சொற்கள் எழுதுவான்: "இதெல்லாம் ஒரு குளிரா?" ஆட்டம் முடிந்தது. கோவைக்காரன் ஒரு சிரிப்பு எமோஜியோடு ஒதுங்கிக்கொள்வான்.

நண்பர்களுக்குள் இது கிண்டல், அவ்வளவுதான். ஆனால் இதே வாக்கியம் வேறு உடைகளில் நம்மைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. வேலை அழுத்தம் தாங்கவில்லை என்பவனிடம், "நாங்க பாக்காத அழுத்தமா?" பிரசவ வலியைப் பற்றிப் பேசும் பெண்ணிடம், "எங்க காலத்துல வயக்காட்டுலயே பெத்துட்டு வந்தோம்." அதிகம் பட்டவருக்கு, குறைவாகப் பட்டவரின் புகாரைத் தள்ளுபடி செய்யும் உரிமை உண்டா என்பது இதன் அடியில் இருக்கும் கேள்வி. அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அவர் உண்மையிலேயே அதிகம் பட்டாரா? வலியில் இதைச் சோதிக்க வழியில்லை. குளிரில் கொஞ்சம் வழியிருக்கிறது, எண்கள் இருப்பதால்.

எண் எதை அளக்கிறது? வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர் நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தபடி காற்றின் வெப்பநிலையை அளக்கிறது. நம் தோல் அந்த மாதிரி சென்சார் கிடையாது. உடம்பிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் தெரியும். ஒரே அறையில் இரவெல்லாம் கிடந்த எவர்சில்வர் டம்ளரும் மர மேசையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். தொட்டால் டம்ளர்தான் சில்லென்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் இதை வேறு மாதிரி சொன்னார்: ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிர்ச்சியாகவும் மறு கைக்குச் சூடாகவும் இருக்க முடியும். (1742இல் செல்சியஸ் முன்வைத்த அளவுகோலில் நீர் கொதிப்பது 0, உறைவது 100. பிறகுதான் தலைகீழாக்கினார்கள். அது அப்படியே இருந்திருந்தால் டொரண்டோக்காரன் போடும் எண்தான் எங்கள் குழுவிலேயே பெரியதாக இருந்திருக்கும்.)

இந்தச் சிக்கல் தெரிந்துதான் 'ஃபீல்ஸ் லைக்' என்ற இரண்டாவது எண்ணைக் கொண்டுவந்தார்கள். அதன் பூர்வீகம் அண்டார்டிகா. பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர், 1940களின் தொடக்கத்தில், ஒரு சிறு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். அங்கிருந்து வந்ததுதான் 'விண்ட் சில்' கணக்கு. மனிதர்கள் பிளாஸ்டிக் உருளைகள் அல்ல என்பதால் 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தின. தன்னார்வலர்களைக் காற்றுச் சுரங்கத்துக்குள் நடக்கவிட்டு, முகத் தோலில் அளந்து, புதிய சூத்திரம் எழுதினார்கள். அந்தச் சூத்திரத்துக்குள் ஒரு ஆள் இருக்கிறார். மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில், வெயிலில்லாத திறந்த வெளியில், மூடாத முகத்தோடு நடந்துகொண்டே இருக்கிறார். அவர் எப்போது வீட்டுக்குப் போவார் என்பது சூத்திரத்தில் இல்லை.

என்னுடைய சந்தேகம் அங்கேதான். நான் ஆன்சைட் வேலைக்காக மினியாபொலிஸில் இரண்டு குளிர்காலங்கள் இருந்தேன். ஜனவரியில் மைனஸ் 25 பார்த்திருக்கிறேன். மூக்கு முடி உறைவது, இமைகளில் பனி பூப்பது எல்லாம் நிஜம், விளையாட்டில்லை. ஆனால் ஒரு நாளில் அது எவ்வளவு நேரம்? வீட்டுக்குள் 21 டிகிரி. பஸ்ஸில் ஹீட்டர். நகர மையத்தில் 'ஸ்கைவே' என்று, கட்டடங்களை இரண்டாம் மாடி உயரத்தில் இணைக்கும் மூடிய நடைபாலங்கள் இருக்கின்றன, மொத்தம் சுமார் 15 கிலோமீட்டருக்கு. அலுவலகம், சாப்பாட்டுக் கடை, வங்கி, முடி வெட்டும் இடம் எல்லாவற்றுக்கும் சட்டையோடே போய் வரலாம். கூட்டிப் பார்த்தால் நான் வெளிக்காற்றில் நின்றது நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அந்த நிமிடங்களிலும் என் மேல் தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்ட ஒரு சின்ன வீடே இருந்தது, ஜாக்கெட் என்ற பெயரில். ஜன்னலுக்கு வெளியே இருந்த மைனஸ் 25ஐப் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி. அதை அனுபவித்தவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள், பாலத்தடியில் கூடாரம் போட்டுக்கொண்டு.

அதற்கு அடுத்த ஜனவரியை குர்கானில் கழித்தேன். வெளியே 6, மதியத்தில் 15 என்று ஆப் சொல்லும். பனிமூட்டம் கவிந்த நாட்களில் மதியத்திலும் 12ஐத் தாண்டாது. அந்த ஊர் வீடு மே மாதத்துக்காகக் கட்டப்பட்டது: மார்பிள் தரை, கான்கிரீட் சுவர், சரியாக மூடாத அலுமினிய ஜன்னல். உள்ளேயும் 12, 13தான். காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்குவதே ஒரு முடிவு. விரல்கள் விறைத்து கீபோர்டில் தப்புத்தப்பாக விழும். குளிக்கும் நேரம் தவிர, நாள் முழுக்க ரஜாய்க்குள்ளும் உடம்பின் ஓர் ஓரம் சில்லிட்டுக்கொண்டே இருக்கும். என் வாழ்நாளில் அதிகக் குளிரை எங்கே பட்டாய் என்று கேட்டால் யோசிக்காமல் குர்கான் என்பேன். குழுவில் சொன்னால் சிரிப்பார்கள்.

இதே கதையை ஷாங்காய்க்காரர்களும் சொல்வார்கள். 1950களில் சீனாவில் பொது வெப்பமூட்டலுக்கு ஒரு கோடு போட்டார்கள், சின்லிங் மலைத்தொடரும் ஹுவாய் ஆறும் ஓடும் வழியில். கோட்டுக்கு வடக்கே அரசு வெப்பம் கிடைக்கும், தெற்கே கிடைக்காது. பெய்ஜிங்கில் வெளியே மைனஸ் 8 இருக்கும்போது வீட்டுக்குள் டி-ஷர்ட் போதும். ஷாங்காய் கோட்டுக்குத் தெற்கு. வெளியே 4 டிகிரி, ஈரக் காற்று, வீட்டுக்குள்ளும் கோட்டு.

1997இல் லான்செட் இதழில் வந்த 'யூரோவின்டர்' ஆய்வு ஐரோப்பாவின் பல பகுதிகளை ஒப்பிட்டது. வெப்பநிலை ஒரே அளவு இறங்கும்போது, மிதமான குளிருள்ள பகுதிகளில் மரணங்கள் அதிகம் கூடின, கடுங்குளிர்ப் பகுதிகளில் குறைவாகவே கூடின. வெளியே 7 டிகிரி இருக்கும் நாளில் தெற்கு ஃபின்லாந்தின் வரவேற்பறை 21.7 டிகிரியில் இருந்தது, ஏதென்ஸில் 19.2. அதே 7 டிகிரியில் வெளியே போகும்போது தொப்பி அணிந்தவர்கள் ஃபின்லாந்தில் 72 சதவீதம், ஏதென்ஸில் 13. "இதெல்லாம் ஒரு குளிரா?" என்ற நினைப்பு சாதாரண ஊர்களில்தான் ஆளைக் கொல்கிறது.

அப்படியென்றால் அவரவர் குளிர் அவரவருக்கு, ஒப்பிடவே கூடாது என்று முடித்துவிடலாமா? இந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்காது. அது சோம்பேறித்தனம். என் வலியும் உன் வலியும் ஒன்றுதானா என்று பேசும்போது விட்கென்ஸ்டைன் ஒரு உதாரணம் தருகிறார்: இங்கே மணி ஐந்து என்றால் புரிகிறது, அதையே சூரியனில் மணி ஐந்து என்றால் புரிந்தது போல இருக்குமே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாது. சரிதான். ஆனால் அந்தத் தடுமாற்றம் உள்ளே இருக்கும் உணர்வைப் பற்றியது. வெளியே எண்ணக்கூடியவை நிறைய இருக்கின்றன: எத்தனை மணி நேரம், காலுக்கடியில் என்ன தரை, மேலே என்ன துணி. எல்லாவற்றையும்விட முக்கியமாக, போதும் என்று நினைத்தால் உள்ளே போக முடியுமா? இவற்றை வைத்து ஒப்பிட்டால் போட்டி ஊர்களுக்கிடையே நடக்காது. டொரண்டோவின் ஒரு மேனேஜருக்கும் நொய்டாவின் ஒரு மேனேஜருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைவிட, நொய்டாவின் மேனேஜருக்கும் அவர் வீட்டு வாசலில் நிற்பவருக்கும் நடுவில் இருப்பது பெரிது.

இந்திய வானிலைத் துறைக்கே இதில் ஒரு நெகிழ்வு உண்டு. சமவெளியில் குளிர் அலை என்று அறிவிக்க, குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு வந்து, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும். மலைப்பகுதிக்கு அந்த எல்லை 0. கடற்கரை நிலையங்கள் 10ஐத் தொடுவதே அரிது என்பதால் அங்கே 15 போதும். அதாவது சென்னையில் 15 டிகிரியில் நடுங்குபவரை அரசாங்கம் நம்புகிறது. நாம் மங்கி குல்லா மீம் போடுகிறோம்.

நம்புவது என்றதும் நமக்குப் பேகன் ஞாபகம் வருவான். பழனிப் பக்கத்து ஆவியர் குலத் தலைவன், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். மயில் நடுங்குகிறது என்று நினைத்தான், கொடுத்தான். அது மலையிலேயே வாழும் பறவை, அதற்கு இறகு இருக்கிறது, போர்வையை அது என்ன செய்யும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. இதைக் கொடைமடம் என்றே பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். பள்ளியில் கதை இங்கே நின்றுவிடும். புறநானூற்றில் பரணர் தொடர்கிறார். மயிலுக்குக் கொடுத்தவனே என்று அழைத்துவிட்டு, நான் பரிசிலுக்கு வரவில்லை, நீ கைவிட்ட உன் மனைவி கண்ணகியின் துயரைத் தீர், இன்றிரவே தேரேறு என்கிறார். காட்டில் ஒரு பறவையின் நடுக்கம் தெரிந்தவனுக்கு வீட்டில் இருந்தவள் தெரியவில்லை. பேகனின் மனசு பெரியதுதான், எனக்குச் சந்தேகமில்லை. தூரத்துக் குளிர் அழகாக இருக்கும் என்பதையும் அந்தப் பாடல் தெரிந்துவைத்திருக்கிறது.

குர்கானில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் இரவுக் காவலர்கள் இருவர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கிடைத்த சுள்ளி, அட்டைப்பெட்டி, சில நேரம் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரு பழைய இரும்புச் சட்டியில் போட்டு எரித்துக் காய்வார்கள். மேல் மாடிக்காரர்கள் ஏர் பியூரிஃபையரைப் போட்டுக்கொண்டு புகையைப் பற்றிப் புகார் எழுதுவார்கள். தில்லி வட்டாரத்தின் காற்று மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், அதை 'கிராப்' என்பார்கள், ஒரு விதி இருக்கிறது: குடியிருப்போர் சங்கங்கள் குளிர்காலத்தில் தங்கள் காவலர்களுக்கு மின் ஹீட்டர் கொடுக்க வேண்டும். முதலில் படித்தபோது அட, யாரோ அவர்களை நினைத்திருக்கிறார்களே என்று தோன்றியது. காரணமும் அதே வரியில் இருந்தது. அவர்கள் திறந்த வெளியில் விறகும் குப்பையும் எரிக்காமல் இருப்பதற்காக.

எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் ஜனவரி கடைசியில் வந்தது. ஒற்றைக் கம்பி, 400 வாட். கேட்டுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இல்லாததால் ஜெனரேட்டர் அறையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தார்கள். காவலர்களில் மூத்தவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். கார் வந்து ஹார்ன் அடித்தால் எழுந்துபோய்க் கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி வந்து உட்காருவார். ஒரு ராத்திரி எத்தனை டிகிரி இருக்கும் பையா என்று கேட்டேன். போன்ல பாத்து நீங்கதான் சொல்லணும் என்றார்.