மாமா அழுத்தும் பொத்தான்

கும்பகோணத்திலிருந்து மாமா ஒன்பது எண்களை வாசிப்பார், மும்மூன்றாக, நடுவில் மூச்சு விட்டு. பின்கோடு வந்த 1972-இல் தபால் குமாஸ்தாவாக இருந்தவர். எண் என்றாலே அவருக்கு மூன்று மூன்றுதான். பெங்களூரில் நான் அதை அடித்ததும் அவர் கணினியில் ஒரு பெட்டி எழும்பும்: அனுமதிக்கலாமா? அவர் 'சரி'யை அழுத்தினால் அவர் திரை என் மேஜைக்கு வந்துவிடும். அந்த ஒரு அழுத்தலை வைத்துத்தான் மூன்று வருஷமாக எங்களுக்குள் வழக்கு ஓடுகிறது.

வைணவத்தில் அம்மா பிறந்த வீடு வடகலை, அப்பா தென்கலை. குரங்குக் கதையும் பூனைக் கதையும் எனக்குச் சொன்னவரே மாமாதான். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி கிடந்த இடத்தில் கிடந்தால் போதும், தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். பெருமாளின் கருணை இறங்க நம் பக்கத்திலிருந்து ஏதாவது வேண்டுமா? வடகலையின் வேதாந்த தேசிகர் ஒரு வியாஜம் வேண்டும் என்கிறார். அது கருணைக்குக் காரணம் அல்ல, வெறும் சாக்குதான். ஆனால் அந்தச் சாக்காவது வேண்டும். தென்கலையின் பிள்ளை லோகாசாரியரோ, நீ மறுக்காமல் இருந்தாலே போதும் என்கிறார்.

மாமா முதலில் அசல் குரங்குக் கட்சி. நான் அவர் கணினியைத் தொடக் கூடாது, வாயால் சொன்னால் போதும், அவரே செய்வார். "இடது பக்கம் கீழ்மூலைல பாருங்கோ" என்று நான் அரைமணி மன்றாடினேன். விண்டோஸ் 11-இல் அந்த ஸ்டார்ட் சின்னம் நடுவுக்குப் போய்விட்டது என்பது எனக்கே உறைக்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் கணினியை நான் இங்கிருந்தே இயக்கும் இந்தச் செயலியைப் போட்டோம். ஆனால் ஒரே அம்புக்குறியை இரண்டு பேர் இழுத்தால் அது நடுங்கும்.

"கையை எடுங்கோ மாமா."

"எடுத்துட்டேன்."

எடுத்திருக்க மாட்டார். கபிஸ்தலத்து யானையை நினைவுபடுத்துவேன். கும்பகோணத்திலிருந்து திருவையாறு போகும் சாலையில் இருக்கிறது கோயில். முதலையோடு இழுத்துக் களைத்து, தன் பலத்தை விட்டுவிட்டுக் கூப்பிட்ட கஜேந்திரனுக்குப் பெருமாள் வந்த ஊர் என்பார்கள். "கூப்பிட்டுதோல்லியோ? அதான் வியாஜம்" என்பார் மாமா. "ஊர் பேர்லயே கபி இருக்கு. குரங்குடி!"

அவர் அழுத்தாமலேயே நான் நுழைய ஒரு வழி உண்டு. கடவுச்சொல் ஒன்றை ஒரு தடவை அமைத்துவிட்டால் போதும். நள்ளிரவில்கூட நான் போய்ச் சரிசெய்துவிட்டு வரலாம், அவர் காலையில் எழுந்து சுகமாகச் செய்தி படிக்கலாம். சுத்தமான பூனை. அதை அவரிடம் கேட்ட வேளைதான் சரியில்லை. அதற்கு முந்தின வாரம், வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டு இதே மாதிரி ஒரு செயலியைப் போடச் சொல்லியிருக்கிறான். மாமா தொலைபேசியை வைத்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.

"'நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் சார், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்'னான். உங்க கட்சி வசனம்டி அது!"

சிரித்துவிட்டேன். ஆனாலும் விட மனசில்லை. பூனை எலியையும் அதே பல்லால்தான் கவ்வுகிறது, உண்மை. ஆனால் குட்டி ஏற்கெனவே பூனையுடையது. நாம் பெருமாளுடைய சொத்து என்பது முதலில், காப்பது அப்புறம். முன்பின் தெரியாதவன் வாயில் தலையைக் கொடு என்று எந்த ஆசாரியரும் சொல்லவில்லை. இவ்வளவும் சொன்னேன். சொல்லும்போதே உள்ளே ஏதோ குத்தியது. எனக்கு ஏன் அந்தக் கடவுச்சொல் மேல் இத்தனை ஆசை? அவர் தேடித் தேடி அழுத்துகிற அந்த நாலு நிமிஷம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதற்குக் கருணை என்று பெயர் வைத்திருந்தேன்.

பூனைக் கட்சியின் ஆசாரியர் வாழ்க்கையே இதில் விசித்திரம். 1323-இல் ஸ்ரீரங்கத்தின் மேல் படை வந்தபோது உற்சவர் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போனவர் பிள்ளை லோகாசாரியர். முதுமையில், வழியிலேயே, ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். யார் யாரைக் கவ்விக்கொண்டு போனார்கள்?

மாமி இதிலெல்லாம் வாய் திறப்பதில்லை. ஆனால் மாமா கணினியோடு இரண்டு மணி நேரமாக மல்லுக்கட்டுகிறார் என்பது எனக்கு மாமி மூலமாகத்தான் தெரியும். மெதுவாகப் பேசுவாள்: "நான் சொன்னேன்னு சொல்லாதே. நீயே எதேச்சையா பண்றாப்பல பண்ணு." தாயாரின் சிபாரிசு இல்லாமல் பெருமாளிடம் போக முடியாது என்பதில் இரண்டு கலைக்கும் சண்டையே கிடையாது.

இந்த நவம்பரில் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று. விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் கைபேசியில் முகம் காட்டிச் செய்தோம். இதில் என் கை எங்கேயும் எட்டாது. அவர் முகம், அவர் இமை. மாமியின் போனில் நான். "கண்ணை மூடித் திறங்கோ" என்று கத்துகிறேன். கண்புரை அறுவை ஆகி ஒரு மாசம், அவர் பாவம் ரொம்ப ஜாக்கிரதையாக மூடுகிறார், திறக்க மறக்கிறார். இரண்டு தடவை தவறியது. மாமி போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள். வெளிச்சம் விழுந்தது, ஏற்றுக்கொண்டது.

"உயிரோட இருக்கேனாம்" என்றார் மாமா.

அவர் குளிக்கப் போன பிறகு மாமி சொன்னாள், தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் மாமா ஏதோ எழுதித் தன்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார், இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது, நான் கேட்டால் கொடுக்கச் சொன்னார் என்று. எந்தத் தேதித் தாள் என்று கேட்டேன். கண் அறுவைக்கு முதல் நாள்.

"படிக்கட்டுமா? எழுதிக்கறயா?"

"இப்ப வேண்டாம் மாமி. அஞ்சறைப் பெட்டிக்குக் கீழயே இருக்கட்டும்."

"அங்கதான் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.