தண்ணி பாத்தியாப்பா?

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்ததும் மீன் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குட்டியானை வண்டிகளையும் பிக்கப்புகளையும் கவனித்திருக்கிறேன். பெட்டிக்கு அடியில் ஐஸ், மீனுக்கு மேலே ஐஸ், இடுக்கு இருந்தால் அங்கேயும் ஐஸ். செத்துப்போன மீன் கெடாதிருக்க இவ்வளவு ஏற்பாடு. அதைச் சுமந்து ஓடப்போகும் இன்ஜினுக்கோ, பக்கத்து அடிபம்பில் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீர். "தண்ணி பாத்தியாப்பா?" என்று ஓனர் கேட்கிறார். "பாத்துட்டேண்ணே" என்கிறார் டிரைவர். அன்றைய பராமரிப்பு அத்தோடு முடிந்தது.

டிரைவர் பொய் சொல்லவில்லை. பார்த்தது அளவை மட்டும்தான்.

வெறும் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றலாமே என்றதும், "அதெல்லாம் பனி பெய்யுற ஊருக்குண்ணே" என்பார்கள். அதில் பாதி உண்மை. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால், மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். சூட்டைச் சுமப்பதில் சுத்தமான தண்ணீர் கிளைகால் கலவையைவிடக் கெட்டிக்காரன் என்பதும் உண்மை. பிறகு எதற்குக் காசு கொடுத்து அந்தப் பச்சை நிறக் கூலண்ட்?

கொதிப்பைத் தள்ளிப்போட. கலவை சுமார் 108 டிகிரியில்தான் கொதிக்கும்; ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் இருபது டிகிரி போலத் தாங்கும். இந்த ஊரில் 2003 மே 31 அன்று வெயில் 45 டிகிரியைத் தொட்டது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கிய பிக்கப்புக்கு எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் ஒன்றே கதி. அந்த இருபது டிகிரியின் அருமை அங்கே தெரியும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். கூலண்டில் துருவைத் தடுக்கும் ரசாயனங்கள் இருக்கின்றன. அவை இல்லாமல் வெறும் தண்ணீரை, அதுவும் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம்? மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது 1960களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. காட்டுப்பள்ளியில், நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்தது. மனிதன் குடிக்க உப்பை எடுக்கிறோம். இன்ஜின் குடிக்க உப்போடு ஊற்றுகிறோம். உப்பு அலுமினியத்தை அரிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. இது இரும்பு தெரியாத ஊர் இல்லை. அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கி, பிறகு அசோக் லேலண்டாக வளர்ந்தது எண்ணூரில். சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் வார்த்த ஃபவுண்டரியும் அங்கேதான். காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும் புல்லட்டைச் செய்தது திருவொற்றியூர். ஹெட்டை வார்க்கத் தெரிந்த ஊரில்தான் சூட்டில் ஹெட் வளைந்து லேத் பட்டறைக்கு வருகிறது.

சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொரு வழக்கம். நோயைத் தேடாமல் உறுப்பை எடுக்கும் வைத்தியம் அது. அப்புறம் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமெடுக்கும். டீசலையும் கூடுதலாகக் குடிக்கும்.

எதை வாங்குவது? பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். நிறத்தை வைத்து ரகத்தைச் சொல்ல முடியாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் குறிப்பிட்ட ரகத்தையே வாங்க வேண்டும். இரண்டு ரகத்தைக் கலக்கக் கூடாது. ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். கெட்டியானது என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரைக் கலக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

மாற்றும் காலமும் புத்தகத்தில் உண்டு. பழைய ரகங்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு, புதியவற்றுக்கு அதற்கும் மேல். ஆனால் கெடு முடிந்தாலும் அளவு குறையாது, நிறமும் பெரிதாக மாறாது; காக்கும் குணம் மட்டும் செத்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலையை விட்டுவிட்டவர்களை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம். ஹெட் போகும் நாளில் வரிசையில் நின்ற நேரத்தையோ, ஊற்றிய தண்ணீரையோ யாரும் கணக்கெடுப்பதில்லை. உருள்வது டிரைவரின் தலை.

வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது நஞ்சு, இனிப்பாக வேறு இருக்கும், தெருநாய் நக்கினாலும் சாகும். அனல்மின் நிலையத்தின் வெந்நீரையும் சாம்பலையும் எண்ணூர்க் கழிமுகம் ஏற்கும்போது நம் ஐந்து லிட்டர் எம்மாத்திரம் என்று கேட்கலாம். பெரிய கை செய்வது சின்னக் கைக்கு அனுமதி ஆகாது.

சில நூறு ரூபாயில் முடிகிற காரியம் இது. அடுத்த முறை மாற்றும்போது கூலண்ட் டேங்கின் மேலேயே தேதியை எழுதி வையுங்கள். நாளைக் காலையில் டிரைவரிடம் "தண்ணி பாத்தியாப்பா?" என்று கேட்க வேண்டாம். "கடைசியா எப்பப்பா மாத்தினோம்?" என்று கேளுங்கள்.