பச்ச உடம்பு யாருக்கு?

உழைக்கிற பெண்ணின் பலத்தைப் புகழ்வது அவளுக்குச் செய்கிற மரியாதையா, அவளுடைய ஓய்வைப் பறிக்கிற தந்திரமா? இந்தக் கேள்வியை நான் எந்தத் தத்துவப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. ரெண்டாவது தடவையும் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தபின் நாற்பத்தைந்து நாள் கம்பத்தில் அம்மா வீட்டில் கிடந்தேன். அப்போது பார்க்க வந்த சனங்கள் பேசிவிட்டுப் போன பேச்சிலிருந்து எடுத்தேன்.

வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நாட்டுக்கோழி முட்டை, பூண்டு, கருப்பட்டி என்று கையில் எதையாவது கொண்டுவந்தவர்கள். ஆனால் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஒரே பேச்சைப் பேசினார்கள். "நாங்கள்லாம் காட்டுல பெத்துப் போட்டுட்டு அடுத்த வாரமே களை வெட்டப் போனவக. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு எங்க தெம்பு இருக்கு?" இதையே நம்முடைய மேடைகளில் தோழர்கள் நல்ல தமிழில் சொல்வார்கள். உழைக்கும் பெண்ணின் உரமேறிய உடல், மண்ணைப் போலத் தாங்கும் தாய், இப்படி. கவிதையாகவும் வரும். கைதட்டலும் கிடைக்கும்.

நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, 'பச்ச உடம்பு'. பிள்ளை பெற்றவளின் உடம்பு அது. சூளையில் சுடாத பானையைப் பச்சை என்போம். ஆறாத புண்ணையும் பச்சை என்போம். தண்ணீர் ஊற்றக்கூடாது, தட்டக்கூடாது, தூக்கக்கூடாது என்கிற அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. எந்த மருத்துவக் கல்லூரியும் வருவதற்கு முன்பே இந்தச் சமூகத்துக்கு அந்த அறிவு இருந்திருக்கிறது. அப்படியானால் அந்தச் சொல்லுக்குள் யாரையெல்லாம் சேர்த்தார்கள்? பள்ளத்தாக்கில் நஞ்சையும் தோப்பும் வைத்திருந்த வீட்டில் மருமகள் பிள்ளை பெற்றால் அவள் பச்ச உடம்புக்காரி. அந்த வீட்டு மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ள வந்தவள் பத்து நாளைக்கு முன்னால் பெற்றிருந்தாலும் வேலைக்காரிதான். ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்த மருமகளின் நிலையைப் பார்த்து நான் ஏங்கவில்லை. அங்கே ஓய்வு வந்ததே தீட்டு என்கிற பெயரில்தான். தொப்புள்கொடி அறுத்து, ரத்தத் துணியை அலசி, நஞ்சுக்கொடியைப் புதைத்தவர்கள் மருத்துவச்சிகளும் நம் தெருப் பெண்களும். தீட்டு கழிந்ததும் அவர்களுக்கு வாசலோடு சரி.

இப்போது என் உடம்பின் கதைக்கு வருகிறேன். ரெண்டு அறுவைக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும்.

முதல் பிள்ளைக்கு வலி வந்து ரெண்டு ராத்திரி, ஒரு பகல். ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அங்கிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு 108 வண்டியில் ஏற்றினார்கள். தலை இறங்கவில்லை. நான் கத்தினேன். பிரசவ வார்டில் இருந்த ஒருத்தி சொன்னாள்: "புருசங்கூடப் படுக்கையில கத்துனியா? உங்க ஆளுகளுக்கு இதெல்லாம் பழக்கந்தானே, முக்கு." இந்த ரெண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்த பெரியம்மாக்கள் பெருமையாகச் சொன்னதும் இதுதான், மேடையில் நம் தோழர் சொன்னதும் இதுதான். பழக்கம், தாங்கும், உரமேறிய உடல். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் போய், துடிப்பு இறங்கியபிறகுதான் ஓடினார்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிள்ளை பிழைத்தது. பதினோராம் நாள் எனக்குத் தையல் பிரிந்து சீழ் வைத்தது. புண்ணுக்குள் துணி வைத்து வைத்து எடுத்து, ஆற மூன்று மாதம் ஆனது. இருமல் வந்தால் பயம், தும்மல் வந்தால் பயம்.

இந்தத் தாங்கும் உடம்புக் கதை நம்மூர்ச் சரக்கு மட்டுமல்ல. 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மாரியன் சிம்ஸ் என்கிற மருத்துவர் அனார்கா, லூசி, பெட்சி என்கிற அடிமைப் பெண்களின் உடம்பில் மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து தன் வித்தையைக் கற்றார். பெண் நோய் மருத்துவத்தின் தந்தை என்று அவருக்குச் சிலை வைத்தார்கள். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து அந்தச் சிலையை அகற்ற 2018 ஏப்ரல் வரை ஆனது. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், வெள்ளை மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர், கறுப்பர் உடம்பைப் பற்றிய பொய்களில் ஒன்றையாவது நம்பியது தெரியவந்தது. கறுப்பர் தோல் தடிமனானது என்பது அதில் ஒன்று. அப்படி நம்பியவர்கள் கறுப்பரின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். இனம், சாதி எதுவானாலும் ஆதிக்கத்துக்கு ஒரு வசதி வேண்டியிருக்கிறது: எதிரில் இருப்பவளுக்கு வலிக்காது என்று நம்புகிற வசதி.

ரெண்டாவது பிள்ளைக்கு நாள் குறித்தே அறுவை செய்தார்கள். முன்பு ஒரு தடவை கீறியிருந்தாலும் பல பெண்களுக்குத் தானாகவே பிரசவம் ஆகும் என்று டாக்டரம்மா விளக்கினார். ஆனால் வலி எடுக்கும்போது பழைய தழும்பு பிரிய ஆயிரத்தில் ஐந்து பேருக்கு வாய்ப்பு உண்டு, பக்கத்திலேயே தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கவேண்டும், உன் முதல் தடவைக் கதையையும் சேர்த்து யோசித்துச் சொல் என்றார். யோசித்துச் சொன்னேன். 39 வாரம் முடிந்து ஒரு புதன்கிழமை. வசதியானவர்கள் சோசியரிடம் போய் நேரம் குறித்துவந்து அறுப்பார்கள். எனக்குப் புதன் கிடைத்தது அன்றைக்குத் தியேட்டர் காலி என்பதால்தான். முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்தது, பிள்ளை அழுததைக் காதால் கேட்டேன். கருத்தடையும் சேர்த்துச் செய்யலாமா என்று ஒரு மாதத்துக்கு முன்பே என்னிடம் கேட்டிருந்தார்கள். சரி என்று நானே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் டியூப்பை எடுத்ததும் எழுந்து நாலடி நடந்தேன். கத்தி ரெண்டு தடவையும் ஒன்றுதான். ரெண்டாவது தடவை என்னைக் கேட்டார்கள். புண் சீக்கிரம் ஆறியதற்கு மருத்துவக் காரணங்கள் பல இருக்கும், ரெண்டு நாள் வலியில் உடம்பு சோர்ந்துபோகாதது அதில் ஒன்று. ஆனால் படுத்துக்கிடந்தபோது நெஞ்சுக்குள் பயம் இல்லாமல் இருந்தது என்னைக் கேட்டதால்தான்.

இந்த இடத்தில் முற்போக்கு நண்பர்கள் ஒரு புள்ளிவிவரத்தை எடுப்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிறப்புகளில் 44.9 சதவீதம் சிசேரியன், இந்திய அளவில் 21.5. தனியார் ஆஸ்பத்திரிகளின் லாபவெறி இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த விமர்சனம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்காமல் நேராகப் படுத்திருக்கிற பெண்ணின் கட்டிலுக்கு வந்து, "நீ ஏன் தாங்கிக்கொள்ளவில்லை" என்று கேட்கிறது. நம் பாட்டிகள் வீட்டில்தானே பெற்றார்கள் என்கிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் அந்தப் பேச்சை நம்பி, காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்தி ஒரு பெண் ரத்தப்போக்கில் செத்தாள். வீட்டில் பெற்ற நம் பாட்டிகளில் பிழைத்தவர்கள் மட்டும்தான் கதை சொல்ல இருக்கிறார்கள். 2004இல் க.விலக்கில் மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன், கையை மீறிப் போன பிரசவத்துக்கு மதுரைப் பெரியாஸ்பத்திரிதான். கம்பத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியிலேயே முடிந்துபோனவர்களின் பெயர் நம் தெருவில் இன்னும் சில வாய்களில் இருக்கிறது.

கேள்விக்கு வருகிறேன். பொறுமை, தாங்குதல் என்பவை ஒரு குணம் என்றால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவள் தாங்காமலும் இருக்க முடிந்திருக்க வேண்டும். "முடியாது, இன்னிக்கு வரலை" என்று சொல்லிவிட்டு அன்றைக்கும் அடுப்பெரிக்க முடிகிறவள் தாங்கினால் அதைக் குணம் என்று சொல்லலாம். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவள் சுமப்பதற்குப் பெயர் சுமைதான். அதைக் குணமாக்கிப் புகழ்கிறபோது, சுமத்தியவன் காணாமல் போகிறான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் பட்டதெல்லாம் ஒண்ணுமில்லையா?" என்றாள். அம்மா முப்பது வருசத்துக்கு மேல் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். விடியும் முன்னே ஜீப், கம்பம்மெட்டு ஏறி இடுக்கி மலைக்குள் களை வெட்டு, காய் எடுப்பு, பொழுது சாய இறக்கம். நாலு பிள்ளை பெற்றவள். அவளிடம் இருக்கிற ஒரே சொத்து, தான் தாங்கினேன் என்கிற பெருமை. அதையும் நான் வாதம் பேசிப் பிடுங்கினால் நான் யார்? இந்தக் கேள்விக்கு முன்னால் என் தர்க்கம் கொஞ்சம் தடுமாறத்தான் செய்தது.

ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கு வயிற்றுக்குத் துணி கட்டும்போது அவளாகவே சொன்னாள். கடைசிப் பிள்ளை பிறந்து இருபதாம் நாள் அந்த ஜீப்பில் ஏறியிருக்கிறாள். மேட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய், மூட்டை தூக்கி, சில வருசத்தில் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. இருமினால் மூத்திரம் சொட்டும். துணி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அப்பாவுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியாது, எந்த டாக்டருக்கும் தெரியாது. "இதைப் போயி யார்கிட்டச் சொல்றது?" காட்டில் பெற்றுவிட்டுக் களை வெட்டப் போனவர்கள் என்று பெருமை பேசிய அந்தப் பெரியம்மாக்களில் இன்னும் ரெண்டு பேருக்கும் இதேதானாம். பெருமையை ஊருக்குச் சொன்னார்கள், இதைத் தங்களுக்குள் மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அவளுடைய பலம் அவளுடையது. அதை மறுக்க எனக்கு வாயில்லை. அந்தப் பலத்தை ஓய்வு தராமலிருக்கக் காரணமாகக் காட்ட மட்டும் யாருக்கும், நமக்கும்கூட, உரிமையில்லை.

1928 ஜூலையில் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு சலுகை மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். 1926இல் ராஜரத்னாவையும் சேர்த்து நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்த தகப்பன் அவர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது தேசத்தின் நலன், அதன் பாரம் பெரிதும் அரசைச் சேர்ந்தது, ஆனாலும் அவள் உழைப்பில் லாபம் பார்க்கிற முதலாளியும் அதைச் சுமக்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். அதில் பெண் பலசாலியா இல்லையா என்கிற விசாரணையே கிடையாது. பம்பாயில் 1929இல் சட்டம் வந்தது, சென்னை மாகாணத்தில் 1934இல், நாடு முழுமைக்கும் 1961இல். ஆலை, சுரங்கம், தோட்டம் எல்லாம் அந்த மத்தியச் சட்டத்தில் வந்தன, வயல் கூலி வரவில்லை. 1988 திருத்தத்தின்படி ஒரே முதலாளியிடம் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு வேறு தோட்டம் என்று ஜீப் ஏறுகிறவளுக்கு அந்த 80 நாளை எந்தப் பதிவேடு காட்டும்?

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித்திட்டம் இருக்கிறது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ஆனது. இந்த 18,000த்தில் 4,000 சத்துப் பொருளாகப் போக, பணம் 14,000. நல்ல திட்டம். வேறு மாநிலத் தோழிகள் பொறாமைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு வாரத்துக்குப் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்காதே என்றார் டாக்டரம்மா. அப்படியானால் தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது? மூத்தவனை யார் இடுப்பில் வைப்பது? அம்மா 45 நாள் மலைக்குப் போகவில்லை. அவளுக்கு நாள் கூலி 400 என்று வைத்தாலே 18,000 ஆகிறது. எனக்கென்று வந்த பணம் அம்மா இழந்த கூலியைக்கூட மூடவில்லை. ஓய்வு என்பது ஒருத்தி படுத்திருப்பது மட்டுமில்லை, இன்னொருத்தி எழுந்து நிற்பதும் சேர்ந்ததுதான். எந்தத் திட்டத்திலும் அந்த இன்னொருத்திக்குக் கூலி எழுதவில்லை. (என் வீட்டுக்காரர் துணி துவைத்தார். அதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அது தனிக் கட்டுரை.)

அரசுக்கு இந்த அறிவு இல்லாமலில்லை. தன்னுடைய பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 2016இல் ஒன்பது மாதமாகவும் 2021இல் ஒரு வருடமாகவும் உயர்த்தியது. ஒரு வருடம் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அதே அரசின் வார்டில் என் மூத்திரப் பையை எடுத்து ஊற்றியவள், எங்கள் பக்கத்துத் தெருக்காரி. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். அவளுக்கும் ஆப்பரேஷன்தான், போன வருசம். நாற்பதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாளாம். "வரலைன்னா வேற ஆளப் போட்ருவாகக்கா" என்றாள். குனிந்து தரை துடைக்கும்போது ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொள்கிறாள். அவளையும் யாராவது உழைக்கும் பெண்ணின் உரம் என்று எழுதக்கூடும்.

நம் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினேன். துணைக்கு இருப்பவருக்கும் 45 நாள் கூலி, ஜீப்பில் போகிற பெண்களுக்குத் தோட்டக் கணக்கில் பெயர்ப் பதிவு, ஒப்பந்தத் துப்புரவுப் பெண்களுக்கு நிரந்தர ஊழியருக்குள்ள அதே விடுப்பு என்று மூன்று கோரிக்கை எழுதினோம். ஆண் தோழர் ஒருவர் இது முக்கியப் பிரச்சினையா என்று கேட்டார். அவர் அம்மாவிடம் கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.

அம்மாவைப் பெண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சீட்டெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டால் எத்தனை நாள் படுக்கவேண்டும் என்று முதலில் கேட்கிறாள். இப்போது காய் எடுப்பு நடக்கிறது, அது முடியட்டும் என்கிறாள்.