பொத்தானுக்குள் ஒலி இருக்கிறதா?

1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரில் 32 ஒலிகளைச் சேமித்து வைக்கலாம். ஒரு பொத்தானைத் தட்டினால் எலக்ட்ரிக் பியானோ போய் மணியோசை வரும். தட்டுவதற்கு முன் அந்த மணியோசை எங்கே இருந்தது? காரியம், அதாவது விளைவு, காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்கிறது சாங்கியம் என்ற இந்தியத் தத்துவ மரபு. புதிதாகவே தோன்றுகிறது என்கிறது நியாயம் என்ற இன்னொரு மரபு. நான் நியாயத்தின் பக்கம். நினைவகத்தில் இருப்பது ஒலிப்பதிவு அல்ல, ஆபரேட்டர்கள் எனப்படும் 6 அலை உருவாக்கிகள் ஒன்றையொன்று எப்படி அசைக்க வேண்டும் என்று சொல்லும் வெறும் எண்கள்.

எள்ளில்தான் எண்ணெய் வரும், மணலில் வராது. அதுபோல இந்த எண்களிலிருந்து இந்த மணியோசைதானே வருகிறது என்று சாங்கியர் மடக்குவார். வலுவான வாதம்தான். ஆனால் அதே எண்களை வைத்துக்கொண்டே விசையை மெல்லத் தொட்டால் ஒரு நிறம், ஓங்கி அடித்தால் வேறு நிறம். விரலின் வேகம் அந்த எண்களில் எங்கும் எழுதப்படவில்லை. வாசிக்கும் கணத்தில்தான் அது வந்து சேர்கிறது.