தூரிகை யார் கையில்?

ஒரு பெண்ணை வரைந்து கொண்டாடினால் அவளை மதித்ததாக ஆகிவிடுமா? நைஜீரியாவின் ‘டூடு’ ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது.

வரைந்தவர் பென் என்வோன்வு. 1917இல் ஒனிட்ஷாவில் பிறந்த இக்போ இனத்தவர். 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போர் இக்போ மக்களை நொறுக்கிப் போட்டது. போர் முடிந்து நாலு வருடம்கூட ஆகாத 1973இல் அவர் வரைந்தது ஒரு யொரூபா அரச குடும்பத்துப் பெண்ணை. அதனால் அந்த முகம் நைஜீரியர்களுக்கு நல்லிணக்கத்தின் அடையாளமாகிவிட்டது. அவர் வரைந்த மூன்று டூடு ஓவியங்களில் ஒன்று பல காலம் கழித்து லண்டனில் ஒரு வீட்டில் கிடைத்து, 2018இல் 1.2 மில்லியன் பவுண்டுக்கு ஏலம் போனது.

நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு நாட்டின் காயத்தையே ஒரு முகத்தில் ஏற்றி வைத்துவிட்டால், அந்த முகத்துக்குச் சொந்தக்காரி எங்கே போனாள்? அவளுக்கும் அன்றைக்கு ஏதாவது தோன்றியிருக்கும் இல்லையா?

இக்போ மரபிலேயே இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அங்கே பெண்கள்தான் ஓவியர்கள். ‘உலி’ என்பது அவர்கள் கலை. செடியின் சாற்றால் ஒருவர் உடம்பில் ஒருவர் கோடு வரைவார்கள், மண்சுவரிலும் வரைவார்கள். உடம்பில் போட்டது சில நாளில் மங்கிவிடும், சுவரில் போட்டதை மழை கொண்டுபோய்விடும். எங்கள் தொழிலில் வரைபடத்தின் மூலையில் வரைந்தவர் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கும். உலியில் அந்தக் கட்டமே கிடையாது.

உச்சே ஒக்கேக்கே தன் அம்மாவிடம் உலியைக் கற்றுத் தாளுக்குக் கொண்டுவந்தார். பிறகு என்சுக்கா பல்கலைக்கழகத்தில் அது ஒரு பாணியாகவே வளர்ந்தது. கலை வரலாற்றில் நின்றது மகனின் பெயர். அவர் இல்லாவிட்டால் உலி வெளியே தெரிந்திருக்காது என்று வாதாடலாம். உண்மைதான். ஆனாலும் கற்றுக்கொடுத்தவள் பின்னால் போய்விட்டாள் என்பதும் உண்மை.

எனுகுவில் 1983இல் பிறந்த ன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி தன்னையும் தன் குடும்பத்தையும் தானே வரைகிறார். நைஜீரியப் பத்திரிகைப் படங்களைத் தாளில் பதித்து அதன்மேல் வரைவது அவர் வழக்கம். அவர் வரையும் பெண் பெரும்பாலும் வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருப்பாள். எந்த நாட்டையும் அவள் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

போற்றுவது என்றால் அவளை உயரத்தில் நிறுத்தி நாம் பார்ப்பது. மதிப்பது என்றால் அவள் பார்ப்பதற்கும் இடம் விடுவது. இரண்டும் ஒன்றல்ல. ‘டூடு’ அழகான ஓவியம். இதைக் கேட்பதால் அது குறைந்துபோகாது. ஆனால் ஒரு படம் பெண்மையைக் கொண்டாடுகிறது என்று சொன்னால், தூரிகை யார் கையில் இருந்தது என்றும் கேட்டுவிட வேண்டும்.