ஆளில்லா மலையின் அழகு

ஸ்காட்லாந்து ஓவியர் ஹொரேஷியோ மெக்கல்லக் 1864-இல் தீட்டிய ‘கிளென்கோ’, கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேகம் கவிந்த கரட்டு மலைகள். முன்புறத்தில் மனிதர்களுக்குப் பதில் மான்கள். பார்த்தால் மனம் பறிபோகும்.

ஆனால் ஓவியம் காட்டும் அந்தக் கிளென்கோ பள்ளத்தாக்கில்தான் 1692-இல், விருந்தாளிகளாகத் தங்கியிருந்த அரசுப் படையினர் மெக்டொனால்ட் குலத்தாரைக் கொன்று குவித்தனர். ஓவியர் வாழ்ந்த காலத்திலோ, ஆட்டுப் பண்ணைகளுக்காக ஹைலேண்ட்ஸ் மலைநாட்டுக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டனர். பலர் கனடாவுக்குக் கப்பலேறினர்.

மனிதர் இல்லாத நிலமெல்லாம் இயற்கையாகவே அப்படி இருந்ததில்லை. அழகை மனமார ரசிப்போம். இங்கே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்போம். அப்படிக் கேட்கிற ரசனையே முழுமையானது.