கணக்குக் கேட்பது குற்றமா?

பணம் கொடுப்பவன் கணக்குக் கேட்டால், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று வாங்குபவன் முகம் சுளிக்கிறான். உடனே கேட்டவன் நாணுகிறான். உறவு கெடுமே, ஊர் பழிக்குமே என்று வாய் மூடுகிறான். உப்பளத்து வெயிலில் உழைத்த பணம், துறைமுகத்தில் மூட்டை சுமந்த பணம், ஒரு சொல்லுக்கு அஞ்சிக் கைமாறிவிடுகிறது. அப்பணத்தை ஏன் தருகிறோம், எதில் போடுகிறார்கள் என்று கேட்பது பண்புக் குறைவா? அறத்துக்கு மாறானதா? தோழர்களே, இதைச் சிந்திப்போம்.

விடை தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் முத்துக்குளித்துறையே பாடம் சொல்லும். 1961 வரை தூத்துக்குடிக் கடலில் அரசு முத்துக்குளிப்பு நடத்திற்று. வெள்ளையர் ஆட்சியில், குளித்தவருக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது அரசுக்கு. கரையில் குவித்த சிப்பியை, திறவாமலே, ஆயிரம் என்ன விலை என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டா, வெறும் சதைதானா? எவருக்கும் தெரியாது. பார்ப்பதற்குச் சூதாட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் அங்கும் கணக்கு இருந்தது. முன்னதாகவே மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்பட்டது. வணிகன் அந்த மதிப்பீட்டைப் பார்த்தான்; தன் பொருள் நிலையைப் பார்த்தான்; பிறகே விலை கேட்டான். இழக்க நேரிடும் என்பதை அறிந்தே இறங்கினான்.

அதே கரையில் இன்னொருவனும் இருந்தான். கடல்கட்டி என்று பெயர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவேன் என்றான். அதற்குக் கூலியாகச் சிப்பி பெற்றான். கடலில் இறங்கியவன் குளிப்பவன். உயிரைப் பணயம் வைத்தவனும் அவனே. கடல்கட்டியோ கரையிலேயே இருந்தான்! சுறா வராவிட்டால் மந்திரத்தின் வெற்றி; வந்துவிட்டால் குளித்தவனின் விதி. எப்படியானாலும் கூலி நிச்சயம்.

வணிகன் இடரை ஒப்புக்கொண்டான். கடல்கட்டி இடரே இல்லை என்றான். முதலீட்டுக்கும் மோசடிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த நூல் காட்டும்?

இழப்பு வந்தாலே மோசடி என்று எண்ணிவிடக் கூடாது. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், 40,000 பங்குகள், 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்பது திட்டம். எதிரே நின்றது வல்லமை மிக்க பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம். அது கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. 1908இல் வ. உ. சி. சிறைப்பட்டார். 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. பங்கு வாங்கியோர் பணத்தை இழந்தனர், ஆயினும் ஏமாற்றப்படவில்லை. எதில் போடுகிறோம், எதிரி யார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: நோக்கம் உயர்ந்தது என்பதாலேயே பணம் திரும்பி வந்துவிடாது. பொதுப்பணிக்குக் கொடுப்பது வேறு. பிள்ளையின் படிப்புக்குச் சேர்ப்பது வேறு.

இனி, இன்றைய கடல்கட்டிகளைக் காண்போம். ஆருத்ரா என்ற நிறுவனம் மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகக் கூறி, லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது என்று 2022இல் வழக்குத் தொடுத்த தமிழகக் காவல்துறை கூறுகிறது. வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்குரியது. கணக்கோ நமக்குரியது! பள்ளியில் நாம் கற்பிக்கும் தனிவட்டிக் கணக்கே போதும். மாதம் 25 என்றால் ஆண்டுக்கு 300 விழுக்காடு. ஒரு லட்சம் போட்டால், ஓராண்டில் வட்டி மட்டும் மூன்று லட்சம். எந்த உப்பளம் இதை விளைவிக்கும்? எந்தக் கப்பல் இதை ஈட்டும்? ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டுவட்டியில் பணம் இரட்டிப்பாக ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஆகும். இதுதான் உலக நடப்பு.

இத்தகைய வட்டி எங்கிருந்து வருகிறது? தொழில் ஈட்டாதபோது, முன்னே சேர்ந்தவன் பெறும் வட்டி, பின்னே சேர்ந்தவன் போட்ட முதலே. அறக்கேள்வி இங்குதான் பிறக்கிறது. கேளாமல் போட்டவன் தன் பணத்தை மட்டுமா பணயம் வைக்கிறான்? "அவரே போட்டிருக்கிறார்" என்று அண்டைவீட்டு அம்மாள் தன் சங்கிலியை விற்றுக் கொண்டுவருகிறாள். இவன் வாங்கிய வட்டியே விளம்பரமாகிறது. இவன் மௌனமே சான்றாகிறது. ஆகவே, கேட்பது தன்னலம் மட்டுமன்று. அடுத்தவருக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை.

"நம்ம சாதிக்காரர், ஏமாற்ற மாட்டார்" என்பாரும் உளர். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. சாதிப் பெயர் போயிற்று, வங்கி சாய்ந்ததா? இல்லை, இன்றும் இயங்குகிறது. வங்கியைத் தாங்குவது பேரேடும் தணிக்கையுமே.

எனவே, சீட்டாயினும் பங்காயினும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வருவாய் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? இழந்தால் எவ்வளவு இழப்பேன்? கணக்கைத் தணிக்கை செய்பவர் யார்? வங்கி வைப்புக்குக்கூட, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. 2020 முதல் இதுவே வரம்பு. அரசு மேற்பார்வையுள்ள வங்கியே தன் எல்லையைச் சொல்லும்போது, எல்லையே இல்லை என்பவனை எப்படி நம்புவது?

கடவுளைப் பற்றியே ஏன், எதற்கு என்று கேட்கத் துணிந்த இளைஞர்கள், காசு வாங்குபவன் முன் வாய் மூடலாமா? கேளுங்கள்! நேர்மையானவன் ஏட்டை விரிப்பான். சினப்பவனிடம் பணத்தைத் தராதீர்கள். அண்டை வீட்டாரையும் தர விடாதீர்கள்.